‘சரி’ன்னு மட்டும் சொல்லாதே மாப்ளே

போன மாசம் பத்து நாள் நான் மதுரை விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரமாக இருந்தேன். சம்பளம் கிடையாது. கோபுரம் என்றது எங்கள் வீட்டுத் திண்ணையை. மைக்குக்குப் பதில் பேட்டரி கழற்றிய டிவி ரிமோட். இருபதடி தள்ளி வேப்பமரத்தடியில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தவன் என் அக்கா மகன். அவன்தான் விமானி. முதுகைக் காட்டி உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. வானத்தில் இருப்பவனுக்கு டவரில் இருப்பவர் முகம் தெரியாது, குரல் மட்டும்தான்.

தெருவில் போன பெரியவர் ஒருத்தர் நின்று பார்த்துவிட்டு, “மாமனுக்கும் மருமகனுக்கும் பேச்சுவார்த்தை இல்லையோ?” என்று என் வீட்டுக்காரியிடம் விசாரித்துவிட்டுப் போனார்.

மாப்பிள்ளை விமானம் ஓட்டப் படிக்கிறான். குமாரலிங்கபுரத்தில் இதைச் சொன்னால் இன்னும் பாதிப் பேர் நம்புவதில்லை. கரிசல் காட்டில் பருத்தியும் மல்லியும் போட்டுவிட்டு வானத்தைப் பார்க்கிற ஊர் இது. பார்ப்பது மேகத்துக்காக. அத்தான் ரோட்டோரத்து நிலத்தை விற்றுப் பையனைச் சேர்த்துவிட்டார். அதைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கருத்து. என் கருத்து என்னோடு இருக்கட்டும்.

2025 நவம்பரில் சேலத்திலிருந்து கிளம்பிய ஒரு சின்னப் பயிற்சி விமானம் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடுரோட்டில் இறங்கியது பலருக்கு ஞாபகம் இருக்கும். உள்ளே இருந்தவர்கள் உயிர் தப்பினார்கள். அன்றைக்கு டிவி முன்னால் உட்கார்ந்த அக்கா ராத்திரி சோறு வைக்கக்கூட எழுந்திருக்கவில்லை. மறுநாள் போனில் அவன் சொன்னான்: “எஞ்சின் நின்னா எப்படி எறங்கணும்னு சொல்லிக் குடுத்திருக்காங்கம்மா. அது பயமில்ல. எனக்கு ரேடியோதான் பயம்.”

அருப்புக்கோட்டையில் தமிழ் மீடியத்தில் படித்த பையன். அவன் ஆங்கிலம் மோசமில்லை. ஆனால் இரைகிற எஞ்சினுக்கு நடுவே, கரகரக்கிற ஹெட்போனில், ஒரு மூச்சில் ஐந்து விஷயம் சொல்லி முடித்துவிடுகிற குரல் இருக்கிறதே, அது வேறு பாஷை. இந்தியாவில் விமானி ஆக வேண்டுமானால் ஆர்.டி.ஆர். என்றொரு ரேடியோ தேர்வு உண்டு. காதில் ஹெட்போன் மாட்டி, ஒரு கற்பனைப் பயணத்தைப் புறப்பாட்டிலிருந்து இறங்கும் வரை டவரோடு பேசிக் காட்ட வேண்டும். விமானம் ஓட்டத் தெரிந்த பிள்ளைகளே இதில் தடுக்கி விழுவார்களாம். அதற்குத்தான் லீவில் வந்தவன் என்னை டவராக நியமித்தான்.

முதல் நாளே சண்டை. அவன் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து நான் வாசிக்கிறேன்: ஓடுபாதைக்கு முன்னால் நில், பெயர் சொல்லிக் கூப்பிடும் வரை ஏறாதே. அவன் “ரோஜர்” என்கிறான். காற்றழுத்த அளவு சொல்கிறேன். “ரோஜர்.” இறங்கலாம் என்கிறேன். “ரோஜர்.”

“ரோஜர்னா என்னடா?”

“சரின்னு அர்த்தம் மாமா.”

“அப்ப உங்க வாத்தியார் எதுக்குத் திட்டினாரு?”

அதைச் சொல்ல அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஒரு நாள் பயிற்சியில் டவர் “ஓடுபாதைக்கு முன் நிற்கவும்” என்று சொல்ல, இவன் “ரோஜர்” என்றிருக்கிறான். டவர் விடவில்லை. மறுபடியும் அதையே சொன்னது. இவனும் மறுபடி “ரோஜர்”. பக்கத்தில் இருந்த வாத்தியார் பொறுக்க முடியாமல் தானே மைக்கை அழுத்தி, முழு உத்தரவையும் விமானத்தின் பெயரோடு திருப்பிச் சொல்லிவிட்டு, இவன் பக்கம் திரும்பினாராம். திரும்பி என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது.

அன்றைக்கு ராத்திரி படுத்துக்கொண்டே யோசித்தேன். தமிழில் நாம் ‘சரி’ என்று சொல்கிறோமே, அதற்கு எத்தனை அர்த்தம்? காதில் விழுந்தது என்றால் சரி. ஒத்துக்கொள்கிறேன் என்றாலும் சரி. செய்கிறேன் என்றாலும் சரி. நீ சொன்னது உண்மை என்றாலும் சரி. போதும் நிறுத்து என்பதற்கு ஒரு சரி. போனை வைக்கப் போகிறேன் என்பதற்கு இரண்டு சரி. வீட்டுக்காரி சொல்வதைக் கேட்காமலே கேட்ட மாதிரி காட்டுவதற்கு இழுத்தபடி ஒரு சரி. கேட்பவர் தனக்குத் தோதான அர்த்தத்தை எடுத்துக்கொண்டு நிம்மதியாகிவிடுவார்.

ரேடியோ பாஷையில் இந்த ஒரு சொல்லைத்தான் பிளந்து போட்டிருக்கிறார்கள். ‘ரோஜர்’ என்றால் நீ பேசியது முழுக்கக் காதில் விழுந்தது, அவ்வளவுதான். ஒப்புக்கொண்டதாகவோ செய்யப்போவதாகவோ அதற்குப் பொருளில்லை. ‘வில்கோ’ என்றால் புரிந்தது, செய்கிறேன். ‘அஃபர்ம்’ என்றால் ஆமாம். ‘அனேபிள்’ என்றால் என்னால் முடியாது. ‘ஸ்டாண்ட்பை’ என்றால் பொறு, நானே கூப்பிடுகிறேன். அதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் எந்த ஓடுபாதை, ஏறலாமா நிற்க வேண்டுமா, எவ்வளவு உயரம், என்ன காற்றழுத்தம், எந்த அலைவரிசை என்ற சங்கதிகளுக்கு இந்த ஒற்றைச் சொற்கள் எதுவுமே போதாது. வார்த்தைக்கு வார்த்தை திருப்பிச் சொல்லியாக வேண்டும். ரீட்பேக் என்கிறார்கள்.

இது ஒன்றும் வெள்ளைக்காரன் கண்டுபிடித்த வித்தை இல்லை. எங்கள் அம்மா என்னைக் கடைக்கு அனுப்பும்போது, “என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லு” என்று வாசற்படியில் நிறுத்திவைப்பாள். கால் கிலோ துவரம்பருப்பு, நூறு கடலை எண்ணெய், ஒரு கட்டு வெற்றிலை. தப்பாகச் சொன்னால் தலையில் ஒரு குட்டு, மறுபடி முதலிலிருந்து. மாட்டுத் தரகர்களைப் பார்த்திருப்பீர்கள். துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். ஒருத்தர் பிடித்த விரலை மற்றவர் அப்படியே திரும்பப் பிடித்துக் காட்டாமல் கைமாறாது. அந்தத் துண்டுக்குள் ‘சரி’க்கு வேலையே இல்லை.

நான் வத்தல் கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறவன். எண் தப்பாகக் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தனியாகச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு வருஷம் சீசன் உச்சத்தில், போனில் எழுபது மூட்டை என்று ஒருத்தர் சொன்னதை எண்பது என்று எழுதிவைத்தேன். “சரிதானே?” என்று கேட்டேன், “சரிதான்” என்றார். நான் எழுதியதை அவர் பார்க்கவில்லை, அவர் மனசில் இருந்ததை நான் பார்க்கவில்லை. பத்து மூட்டைக்கு வந்த தகராறு பங்குனிப் பொங்கல் வரை ஓடியது. அதிலிருந்து ‘ஏழு சைபர்’ என்றுதான் சொல்வேன், எதிராளியையும் சொல்ல வைப்பேன். கடையில் எனக்குப் பட்டப்பெயரே ‘சைபர்’தான்.

இதைச் சொன்னதும் மாப்பிள்ளை எழுந்து உட்கார்ந்தான். “மாமா, இதே கதை கோலாலம்பூர்ல நடந்திருக்கு.” 1989 பிப்ரவரி 19. சிங்கப்பூரிலிருந்து சுபாங் விமான நிலையத்துக்கு வந்துகொண்டிருந்த ஃப்ளையிங் டைகர் நிறுவனத்தின் சரக்கு விமானம், போயிங் 747. இரண்டாயிரத்து நானூறு அடிக்கு இறங்கு என்று சொல்ல நினைத்த கட்டுப்பாட்டாளர், “டூ ஃபோர் ஸீரோ ஸீரோ” என்றார். விமானிகள் காதில் முதல் ‘டூ’ எண்ணாக விழவில்லை, ‘அந்த உயரத்துக்கு’ என்கிற ஆங்கில ‘டு’வாக விழுந்தது. மிச்சம் நானூறு. “ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ” என்று திருப்பியும் சொன்னார்கள். டவர் அதைக் காதில் வாங்கவில்லை. விமானம் மலையில் மோதி நான்கு பேரும் இறந்தார்கள்.

எனக்கு இதில் உறுத்தியது அந்த ரீட்பேக். விமானி திருப்பிச் சொன்னான், தப்பு அங்கேயே வெளியே வந்துவிட்டது. வாசற்படியில் நின்ற அம்மாதான் வேறெதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னவர் கேட்காவிட்டால் திருப்பிச் சொல்வது வெறும் சடங்கு.

எண்களை உச்சரிப்பதிலேயே வித்தியாசம் வைத்திருக்கிறார்கள். ஒன்பதை ‘நைன்’ என்று சொன்னால் இரைச்சலில் ‘ஃபைவ்’ மாதிரி விழும், அதனால் ‘நைனர்’. ஐந்தை ‘ஃபைஃப்’. மூன்றை ‘ட்ரீ’. பையன் ‘ட்ரீ’ என்றபோது உச்சரிப்பைத் திருத்தப் போய் நான் அவமானப்பட்டதுதான் மிச்சம். எழுத்துகளுக்கு ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்ற வரிசை 1956 முதல் உலகம் முழுக்க ஒன்றுதான். நம் விமானங்களின் பதிவெண் வி.டி. என்று தொடங்கும், ரேடியோவில் ‘விக்டர் டாங்கோ’. மூன்று, நான்கு பயிற்சி விமானங்கள் ஒரே நேரத்தில் வட்டமடிக்கிற இடத்தில், கடைசி எழுத்துகள் ஒன்றுபோல் இருந்துவிட்டால் பக்கத்து விமானத்துக்குச் சொன்னதை இவன் தனக்கு என்று எடுத்துக்கொள்வான். எங்கள் தெருவில் மூன்று மாரியப்பன்கள். தபால்காரர் படும் பாடு எனக்குத் தெரியும்.

இனி நம் நாட்டில் நடந்தது, சார்க்கி தாத்ரி.

1996 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை. டெல்லியிலிருந்து மாலை ஆறரை மணி வாக்கில் சவூதியா 763, போயிங் 747, தஹ்ரான் வழியாக ஜித்தாவுக்குக் கிளம்பியது. உள்ளே 312 பேர். வளைகுடாவுக்குப் பிழைக்கப் போன நம் நாட்டவர்கள் ஏராளம். எதிர்த் திசையில் கஜகஸ்தானின் சிம்கென்ட்டிலிருந்து கஜகஸ்தான் ஏர்லைன்ஸ் 1907, இல்யூஷின் ரகம், 37 பேரோடு டெல்லிக்கு இறங்கிக்கொண்டிருந்தது. போவதற்கும் வருவதற்கும் அன்று ஒரே வான்பாதைதான். சவூதி விமானம் பதினாலாயிரம் அடியில் இருக்க வேண்டும், கஜக் விமானம் பதினைந்தாயிரத்தில் நிற்க வேண்டும். நடுவில் ஆயிரம் அடி. கட்டுப்பாட்டாளர் இரண்டு பேருக்கும் உயரத்தைச் சொன்னார். எதிரே போயிங் வருகிறது, தெரிந்தால் சொல் என்று கஜக் விமானத்தை எச்சரித்தார். எத்தனை மைல் என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். பதில் போனது. பார்க்கிறோம் என்றார்கள். சற்று நேரத்தில் திரையில் இருந்த இரண்டு புள்ளிகளும் காணாமல் போயின. ஹரியானாவின் சார்க்கி தாத்ரிக்குப் பக்கத்து வயல்களில் 349 உடல்கள். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. நடுவானில் நடந்த மோதல்களில் இன்று வரை இதைவிடப் பெரியது இல்லை.

நீதிபதி ஆர்.சி. லகோத்தி தலைமையில் விசாரணை நடந்தது. முதன்மையான காரணம், கஜக் விமானம் சொன்ன உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. ஏன் இறங்கியது என்று தோண்டும்போதுதான் எனக்குத் தூக்கம் போன சங்கதி வருகிறது. அந்த விமானத்தில் டவரோடு பேசியவர் வேறு, ஓட்டியவர் வேறு. ரேடியோவுக்கென்றே ஓர் ஆள். ஆங்கிலத்தில் கேட்டு, தன் ஆட்களுக்குச் சொல்வது அவர் வேலை. அவர் முன்னால் உயரம் காட்டும் கருவி கிடையாது. தெரிந்துகொள்ள வேண்டுமானால் விமானிகளின் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்க வேண்டும். கடைசி நொடிகளில் அப்படி எட்டிப் பார்த்தார் போல. உயரம் குறைந்திருப்பதைக் கண்டு, மேலே ஏற்றச் சொல்கிறார். விமானம் மூக்கை உயர்த்துகிறது. இல்யூஷினின் வால் போயிங்கின் இடது இறக்கையைச் சீவுகிறது. அந்த நேரத்தில் உயர்த்தாமல் இருந்திருந்தால் அடியில் நுழைந்து போயிருக்கும் என்கிறார்கள்.

இதைப் படித்த பிறகு, ரீட்பேக்தான் மருந்து என்ற என் திண்ணை ஞானம் கொஞ்சம் ஆட்டம் கண்டுவிட்டது. அம்மாவிடம் பட்டியலை ஒப்பித்துவிட்டுக் கடைக்குத் தம்பியை அனுப்பினால் என்ன ஆகும்? வாய் ஒருவருடையது, கை இன்னொருவருடையது. இரண்டுக்கும் நடுவே ஒரு மொழிபெயர்ப்பு. உத்தரவு டவரிலிருந்து விமானத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. உள்ளே நாலடி தூரத்தைக் கடப்பதற்குள் தொலைந்துவிட்டது. டெல்லியில் அன்று உயரத்தைக் காட்டும் ரேடார் புழக்கத்தில் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டுப்பாட்டாளருக்குத் தெரிந்தது இரண்டு புள்ளிகளும் ஒரு ‘சரி’யும்தான். அதன் பிறகு போக்குக்கும் வரத்துக்கும் பாதைகளைப் பிரித்தார்கள். மோதப்போவதை விமானியே அறியும் எச்சரிக்கைக் கருவியை இந்தியா கட்டாயமாக்கியது. 1998-ல் சர்வதேச விமான அமைப்பு ஆங்கிலத் தேர்ச்சியைக் கையில் எடுத்து, பத்து வருஷம் கழித்து விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் குறைந்தபட்ச நிலை ஒன்றை விதித்தது. என் மாப்பிள்ளை அந்தப் பரீட்சையும் எழுத வேண்டும்.

சார்க்கி தாத்ரி நடந்து சரியாக ஒரு வாரம். நவம்பர் 19, அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் குயின்ஸி. இதைப் பற்றி நம் பக்கம் யாரும் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் சின்ன விமானம் ஓட்டுகிறவனுக்கு இதுதான் பாடம். அந்த நிலையத்தில் டவரே கிடையாது. எல்லாரும் ஒரே அலைவரிசையில் “நான் இங்கே இருக்கிறேன், இதைச் செய்யப்போகிறேன்” என்று அறிவித்துக்கொள்ள வேண்டும். ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஓடுபாதைகள். ஒன்றில் இறங்க வருகிறது பன்னிரண்டு பேரோடு ஒரு பயணிகள் விமானம், பீச்கிராஃப்ட் 1900. இன்னொன்றின் நுனியில் புறப்படத் தயாராக ஒரு கிங் ஏர். அதன் பின்னால் வரிசையில், அனுபவம் குறைந்த விமானியோடு ஒரு குட்டி விமானம், செரோக்கி.

இறங்க வருகிறவர் கேட்கிறார்: ஓடுபாதையில் நிற்கிறவர் அங்கேயே நிற்பீர்களா? கிங் ஏரிலிருந்து சத்தம் இல்லை. பின்னால் நின்ற செரோக்கிக்காரர் தன்னைக் கேட்பதாக நினைத்துப் பதில் சொல்கிறார், தன் பெயரோடுதான் சொல்கிறார். ஆனால் அதே நொடியில் இறங்குகிற விமானத்துக்குள் தரை நெருங்கும் எச்சரிக்கைக் குரல் ஒலித்து, அவர் பேச்சின் ஒரு பகுதியை அமுக்கிவிடுகிறது. காதில் விழுந்தது நிற்கிறேன் என்ற பொருள் மட்டும். கிங் ஏர்தான் சொன்னது என்று நம்பி, நன்றி சொல்லி இறங்கினார்கள். கிங் ஏர் ஓடத் தொடங்கியிருந்தது. சந்திப்பில் மோதிக்கொண்டன. பதினான்கு பேர் இறந்தார்கள். மோதலில் செத்தவர்களைவிடத் தீயில் செத்தவர்கள்தான் அதிகம். கதவைத் திறக்க முடியவில்லை.

செரோக்கிக்காரரை நினைத்துப் பார்க்கிறேன். கேள்விக்குப் பதில் சொன்னதைத் தவிர அவர் வேறெதுவும் செய்யவில்லை. பஞ்சாயத்தில் “யாருக்கும் ஆட்சேபணை இல்லையே?” என்று கேட்கும்போது, சம்பந்தமில்லாத ஒருத்தர் பின்வரிசையிலிருந்து “இல்லை” என்பாரே, அந்த மாதிரி.

டவர் இருந்தால் மட்டும் தப்பிவிடலாமா என்றால், இத்தாலியில் மிலான் நகரத்து லினாத்தே இருக்கிறது. 2001 அக்டோபர் 8, கடும் மூடுபனி. சிறிய செஸ்னா ஜெட் ஒன்றை ஐந்தாம் எண் பாதையில் வரச் சொல்கிறார்கள். விமானி ஐந்து என்று சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டு ஆறாம் எண் பாதையில் போகிறார். நடுவில், தரையில் எழுதியிருந்த ஒரு குறியைப் படித்து, நான் இங்கே இருக்கிறேன் என்கிறார். அப்படி ஒரு குறி அங்கே எழுதியிருப்பதே கட்டுப்பாட்டாளருக்குத் தெரியாது. தெரியாது என்பதைக் கேட்டுத் தெளியாமல், மேலே போ என்றார். போன இடம் ஓடுபாதை. எதிரே பறக்க ஓடிவந்தது எஸ்.ஏ.எஸ். நிறுவனத்தின் பயணிகள் விமானம். தரையில் நின்ற நான்கு பேரையும் சேர்த்து 118 பேர் இறந்தார்கள். எங்கள் ஊரில் ஓரிடத்தை எல்லாரும் ‘ஆலமரத்து முக்கு’ என்பார்கள். மரம் விழுந்து முப்பது வருஷம் ஆகியிருக்கும். வெளியூர்க்காரனுக்கு அப்படி வழி சொல்லிப் பாருங்கள்.

டெனெரிஃப் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1977 மார்ச் 27, ஓடுபாதையில் மோதிக்கொண்ட இரண்டு 747-கள், இறந்தவர்கள் 583 பேர். நான் சொல்ல வருவது ஒரே ஒரு சொல். டச்சு விமானி “இப்போது டேக் ஆஃபில் இருக்கிறோம்” என்கிற மாதிரி ஒரு கோணலான வாக்கியம் சொல்கிறார். டவர் “ஓகே” என்றது. ஓகே! நம் ‘சரி’யின் சொந்தத் தம்பி. அடுத்து “பொறு, கூப்பிடுகிறேன்” என்று டவர் சொல்ல, அதே கணத்தில் நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று எதிரிலிருந்த அமெரிக்க விமானமும் பேச, இரண்டும் ஒரே அலைவரிசையில் மோதி வெறும் கீச்சொலி ஆகிவிட்டது. டச்சுக்காரர்கள் காதில் தெளிவாக விழுந்தது அந்த “ஓகே” மட்டும். அதற்கப்புறம் ‘டேக் ஆஃப்’ என்ற சொல்லையே பூட்டி வைத்துவிட்டார்கள். உண்மையில் கிளம்ப அனுமதி கொடுக்கும்போதும், அதை ரத்து செய்யும்போதும் மட்டும்தான் அது வெளியே வரும். மற்ற நேரமெல்லாம் ‘டிபார்ச்சர்’. ராத்திரியில் பாம்பைப் பெயர் சொல்லாமல் ‘பூச்சி’ என்கிறோமே, அந்தக் கட்டுப்பாடு.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, நான் வேண்டுமென்றே தாளை வேகமாகவும் மழுப்பியும் வாசித்தேன். அவன் ஒரு விநாடி தயங்கிவிட்டு, ஏதோ ஒன்றைத் திருப்பிச் சொன்னான். பாதி தப்பு.

“காதுல விழுந்துச்சா?”

“முழுசா விழல மாமா.”

“அப்ப ‘ஸே அகெய்ன்’னு கேக்க வேண்டியதுதானே? உன் தாள்லயே எழுதியிருக்கே?”

தலையைக் குனிந்துகொண்டான். அப்புறம் சொன்னான். அலைவரிசையில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பெரிய விமானங்களின் கேப்டன்கள், கூடப் படிக்கிற பையன்கள், வாத்தியார். ஒரு தடவை மறுபடி கேட்டால் பரவாயில்லை, இரண்டாவது தடவை கேட்டால் “எங்கேருந்துடா வந்தே” என்று நினைப்பார்களே. அதனால் கேட்டதை வைத்து ஊகித்துச் சொல்லிவிடுவானாம். பெரும்பாலும் சரியாகிவிடுமாம்.

பெரும்பாலும்!

எனக்கு இது புதிதில்லை. பேங்கில், ஆஸ்பத்திரியில், தாலுகா ஆபீசில், நம் சனங்கள் புரியாவிட்டாலும் “சரிங்க சார்” என்று தலையாட்டிவிட்டு வாசலுக்கு வந்து பக்கத்து ஆளிடம் “என்ன சொன்னாரு?” என்று கேட்பதை நாற்பது வருஷமாகப் பார்க்கிறேன். நானே செய்திருக்கிறேன். ஆனால் இரண்டாயிரம் அடி உயரத்தில் பக்கத்து ஆள் கிடையாது.

அன்றைக்கு அவனுக்கு ஏவியாங்கா 52 பற்றிப் படித்துக் காட்டினேன். 1990 ஜனவரி 25, கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த விமானம். வானிலை மோசம், ஒரு மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே காக்க வைத்தார்கள். எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. துணை விமானி முன்னுரிமை கேட்டார், எரிபொருள் குறைகிறது என்றார். ‘மேடே’ என்றோ ‘எமர்ஜென்சி’ என்றோ கடைசி வரை சொல்லவில்லை. இந்தப் பாதையில் வந்தால் உங்களுக்கும் எரிபொருளுக்கும் பரவாயில்லையா என்று டவர் கேட்டதற்கு, பரவாயில்லை என்று நினைக்கிறேன், மிக்க நன்றி என்று பதில் சொன்னார். மிக்க நன்றி! வயிறு காய்ந்து கிடக்கிற விருந்தாளி, சோறு போட வரும்போது “போதும் போதும், இப்பத்தான் சாப்பிட்டேன்” என்பாரே, அந்த மரியாதை. விமானம் லாங் ஐலண்டில் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். எரிபொருள் தீர்ந்துபோயிருந்ததால் தீப்பிடிக்கக்கூட இல்லை.

பையன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் முதல் “ஸே அகெய்ன்” கேட்கத் தொடங்கினான். ஒரு பத்து நிமிஷத்தில் ஒன்பது தடவை கேட்டான், எண்ணினேன். வேண்டுமென்றே என்னை வதைக்கிறான் என்று தெரிந்தது. நானும் ஒன்பது தடவை சொன்னேன்.

டவரோடு பேச்சே இல்லாமல் பறந்த காலமும் உண்டு. ஜே.ஆர்.டி. டாட்டா 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து பம்பாய் ஜூஹுவுக்குத் தபால் கொண்டுவந்த புஸ் மாத் விமானத்தில் ரேடியோவே கிடையாது. நெவில் வின்சென்ட் அதைச் சென்னை வரை கொண்டுவந்தார். பேச்சில்லாமலே வேலை நடந்தது, வானத்தில் வேறு ஆளும் இல்லை. அதே ஜூஹுவில் நாற்பது வருஷம் கழித்து, 1972 செப்டம்பர் 24 அன்று, பக்கத்திலிருந்த சாந்தா குரூஸ் விமான நிலையத்தில் இறங்க அனுமதி வாங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் தப்பாக வந்து இறங்கியது. உத்தரவைச் சரியாகக் கேட்டுவிட்டுப் பக்கத்து ஊரில் இறங்கிவிட்டார்கள். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

ரேடியோ செத்துப்போனால் என்ன செய்வது என்பதும் பாடத்தில் உண்டு. ரேடாருக்குப் பதில் அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் கருவியில் 7600 என்று வைத்தால் ரேடார் பார்ப்பவர்களுக்குப் புரியும். டவரிலிருந்து விளக்கு காட்டுவார்கள். நிலையான பச்சை என்றால் இறங்கலாம். நிலையான சிவப்பு என்றால் அடுத்தவனுக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டே இரு. விட்டு விட்டு எரியும் சிவப்பு என்றால் தளம் ஆபத்து, இறங்காதே. பகலில் இறக்கையை ஆட்டிப் புரிந்தது என்று காட்ட வேண்டும். கடைசி நாள் கரண்ட் போன ராத்திரியில் டார்ச் லைட்டில் பச்சை, சிவப்புத் தாள் சுற்றி மொட்டை மாடியிலிருந்து காட்டினேன். கீழே களத்தில் இரண்டு கையையும் நீட்டி ஆட்டிக்கொண்டே ஓடினான். அக்கா பார்த்துவிட்டு, “இதுக்கா நெலத்த வித்தோம்” என்றாள்.

அவன் பயிற்சிப் பள்ளிக்குத் திரும்பிப் போன நாலாவது நாள் போன் வந்தது. டவர் சொன்னது முழுசாக விழவில்லையாம், “ஸே அகெய்ன்” கேட்டானாம். மறுபடியும் விழவில்லை, மறுபடியும் கேட்டானாம். “என்னடா ஆச்சு?” என்றேன். “ஒண்ணும் ஆகல மாமா. மெதுவா, பிரிச்சுப் பிரிச்சுச் சொன்னாங்க” என்றான். கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது அவன் குரலில், யாராவது சிரித்திருப்பார்கள் என்று எதிர்பார்த்திருப்பான் போல.

அடுத்த விடுமுறைக்கு வரும்போது வகுப்புத் தோழர்கள் இரண்டு பேரையும் கூட்டி வருகிறானாம். ஒரே நேரத்தில் மூன்று விமானம், ஒரு டவர். என் ஆங்கிலத்துக்கு அது தாங்காது. விருதுநகர், அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் விமானக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். திண்ணை இருக்கிறது, ரிமோட் இருக்கிறது, மத்தியானம் சாப்பாடு எங்கள் வீட்டில்.